சுவரில் மாட்டிய குதிரை

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் என் அறைச் சுவரில் ஓர் ஆங்கில ஓவியத்தின் அச்சுப்படம் இருந்தது. ஆற்றுக்குள் நிற்கும் வண்டி, அதில் பூட்டிய குதிரைகள், கரையில் ஒரு வீடு. அதன் கீழே உட்கார்ந்துதான் டிராக்டர் கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். உழவுமாடு வாங்கக் கடன் கேட்டு வந்த ஒருவரை, "டிராக்டராவே வாங்கிடுங்களேன்" என்று திருப்பி அனுப்பியதும் அங்கேதான்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஜோடி மாடு கட்டி உழ ஆரம்பித்தேன். அப்புறம்தான் அந்தப் படத்தைப் பார்க்கத் தெரிந்தது.

ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த 'தி ஹே வெயின்' அது. காய்ந்த புல் ஏற்றும் வண்டி என்று பொருள். மூலப்படம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வண்டி காலியாக நிற்கிறது; தூரத்துப் புல்வெளியில் ஆட்கள் வேறொரு வண்டியில் புல் ஏற்றுகிறார்கள். வெயிலில் மரச்சக்கரம் சுருங்கினால் இரும்புப் பட்டா கழன்றுவிடும். தண்ணீரில் நிறுத்தினால் மரம் ஊறி இறுகும், குதிரைக் காலுக்கும் குளிர்ச்சி. வண்டி ஓட்டிய நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த வயல் புல்தான் குதிரைக்குத் தீனி. குதிரைச் சாணம் வயலுக்கு உரம். டீசல் பில் கிடையாது.

கான்ஸ்டபிள் மாவு மில் வைத்திருந்தவரின் மகன். அதனால் வேலை தெரிந்த கண். 1825-இல் அவர் வரைந்த 'பாயும் குதிரை'யும் பந்தயக் குதிரை இல்லை, ஆற்றங்கரையில் படகு இழுக்கிற குதிரை. மாடு தாண்டாமலிருக்கப் பாதையில் போட்ட தடுப்பைத் தாவுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் பழைய காலம் பொற்காலம் என்று மயங்கவும் வேண்டாம். அதே கிழக்கு இங்கிலாந்தில் 1816-இலும் 1822-இலும் பண்ணைக் கூலிகள் வயிற்றுப்பாட்டுக்காகக் கலவரம் செய்தார்கள். அந்தப் பசி இந்தப் படத்தில் இல்லை.

படத்துக்கு வந்த பெருமை குதிரைக்கு வரவில்லை. அந்த ஆற்றின் வடகரை சஃபோக் மாவட்டம். அங்கத்திய உழவுக்குதிரை இனம் சஃபோக் பஞ்ச். செம்பழுப்பு நிறம், களிமண் நிலத்தை உழவென்றே வளர்த்தது. டிராக்டர் வந்தது. 1966-இல் பதிவான குட்டிகள் மொத்தமே 9. பிஸ்கட் டப்பாவில்கூட கான்ஸ்டபிள் படத்தை அச்சடித்துக் கொண்டாடிய நாடு அது!

படம் இனத்தைக் காப்பாற்றாது; வேலைதான் காப்பாற்றும். காங்கேயம் காளையை நாமும் காலண்டரில் மாட்டி ரசிக்கிறோம். ரசித்தது போதும். ஏரிலோ வண்டியிலோ செக்கிலோ பூட்டுங்கள். உழவுமாட்டுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போங்கள். என்னை மாதிரி ஒருவர் திருப்பி அனுப்பினால், மறுநாளும் போய் நில்லுங்கள்.