ரஜூலா கப்பல வீட்டுலயே செய்யலாம்



பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைங்களுக்கு மரக்கப்பல் கிட் வாங்கித் தர்றோம். பெட்டியில இருக்கறது பெரும்பாலும் விக்டரி, கட்டி சார்க் மாதிரி வெள்ளைக்காரன் கப்பல். நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல ஏறி வந்தது ரஜூலா. 1926-ல கட்டினது. மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஓடுச்சு.

அதை வீட்டுச் சாமான்லயே செய்யலாம். நீளம் சுமார் 145 மீட்டர். முந்நூறுல ஒரு பங்குன்னா 48 சென்டிமீட்டர்தான். கெட்டி அட்டையில சட்டம், மேல ஐஸ்கிரீம் குச்சி. வெந்நீர்ல ஊறினா குச்சி வளையும். துணி கிளிப் மாட்டிக் காயவிடுங்க. கம்பத்துக்குச் சத்தே குச்சி. கயிறுக்கு, மெழுகுவர்த்தியில இழுத்த தையல் நூல். புகைபோக்கிக்குக் கறுப்பு அடிச்சு, ரெண்டு வெள்ளைப் பட்டை போடுங்க.

கிட் வாங்கினா நேர்த்தியா வரும், உண்மைதான். ஆனா எல்லாமே தாள்ல எழுதியிருக்கும். பிள்ளை யாரையும் கேக்க வேண்டியதில்ல. ரஜூலாவுக்குக் கேட்டே ஆகணும்: மேல்தளத்துல எங்க படுத்தீங்க? எங்க சமைச்சாங்க?

1970-களின் தொடக்கத்தோட அந்த ஓட்டம் நின்னுடுச்சு. அதுல வந்தவங்க குறைஞ்சிக்கிட்டே வர்றாங்க. அன்னதான வரிசையில உங்க பக்கத்துலயே ஒருத்தர் உக்காந்திருக்கலாம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் இப்பவே கேக்கச் சொல்லுங்க.