விளங்காத சொல்லோடு கொஞ்ச நேரம்

அண்மையில் எங்கட வாசிப்பு வட்டத்தில் அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பஸேஜ் நோர்த்' நாவலை எடுத்தோம். 2021 இல் புக்கர் பரிசின் குறும்பட்டியலுக்கு வந்த ஆங்கில நாவல். கொழும்பிலிருந்து வடக்கே ஒரு செத்த வீட்டுக்கு ரெயினில் போகிற இளைஞன் ஒருவனின் கதை. அந்தப் பாதையும் எங்களுக்குத் தெரியும், செத்த வீடும் தெரியும். அப்படியிருந்தும் ஒன்பது பேரில் நாலு பேர் பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

"ஏன் விட்டனீங்கள்?" எண்டு கேட்டால், "சொல்லு விளங்கேல்ல" எண்டுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தி தன்ர பிரதியைத் திறந்து காட்டினாள். முதல் மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு வரிக்கு மேலேயும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ்க் கருத்து. நாலாம் பக்கத்திலிருந்து ஒண்டுமில்லை. அவளைச் சோம்பேறி எண்டு சொல்லவே ஏலாது. எங்கள் எல்லாரையும்விடக் கூட உழைத்தவள் அவள்தான். அந்த உழைப்பே அவளை நிறுத்திப்போட்டுது என்பதுதான் எங்கட எண்ணம்.

அந்த நாவலின் வசனங்கள் நீளமானவை. உரையாடல் கிட்டத்தட்ட இல்லை. ஒரு யோசனை கிளம்பி, வளைந்து, வேறொன்றைத் தொட்டுத் திரும்பி வரும்வரை முற்றுப்புள்ளி வராது. அப்படியான வசனத்தில் மூன்றாவது சொல்லில் நின்று போனில் அகராதி பார்த்தால், திரும்பி வரும்போது வசனத்தின் தலை மறந்துபோயிருக்கும். திரும்ப முதலிலிருந்து. இரண்டு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம். யாருக்குத்தான் அலுக்காது?

இந்தப் பென்சில் எங்கேயிருந்து வந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். வகுப்பில் ரீச்சர் பாடத்தைத் தொடங்க முதல் கரும்பலகையில் கடினமான சொற்களைக் கருத்தோடு எழுதுவார். நாங்கள் அதைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கின பிறகுதான் பந்தியை வாசிப்போம். ஆக, விளங்காத சொல் ஒன்றைப் பந்திக்கு நடுவில் முதல்முதலாகச் சந்திக்கிற அனுபவமே எங்களுக்குக் கிடைக்கவில்லை. சந்தித்தால் என்ன செய்வது எண்டும் தெரியாது.

ஆனால் தமிழில் நாங்கள் இப்படி இல்லையே. தென் தமிழ்நாட்டுக் கதைகளை முதன்முதலில் வாசித்தபோது 'கம்மாய்' எண்டு ஒரு சொல் வரும். எங்கட ஊரில் அப்படி ஒரு சொல் இல்லை. யாரும் அகராதி எடுக்கவில்லை. ஆட்கள் அதில் குளிக்கிறார்கள், மாடு தண்ணி குடிக்குது, கோடையில் வத்துது. ஓ, குளம்! அது விளங்கும்வரை 'கம்மாய்' ஒரு மங்கலான தண்ணீர்ப் பக்கமாக மனதில் கிடந்தது. கதையும் தன்பாட்டில் போனது. இந்தியப் படங்களில் மெட்ராஸ் பாஷை பேசினபோதும் இதே கதைதான். பாதி விளங்காமலே சரியான இடத்தில் சிரித்திருக்கிறோம்.

அதே ஆட்கள் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஏன் இப்படி இறுகிப்போகிறோம்? கம்மாய் தெரியாதது வெட்கமில்லை. ஆங்கிலச் சொல் தெரியாதது வெட்கம். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். அதே வாள் எங்களையும்தான் வெட்டுது. உச்சரிப்புப் பிழைத்தால் பின்வாங்கில் இருந்து வந்த சிரிப்பை எங்களில் யாரும் மறக்கவில்லை. தனியே அறைக்குள் இருந்து வாசிக்கும்போதும் அந்தச் சிரிப்புக் கேட்குது.

உளவியலில் இதற்குப் பக்கத்தில் ஒரு கருத்து இருக்கிறது: தெளிவின்மையைத் தாங்குகிற தன்மை. எல்சே ஃபிரெங்கெல்-பிரன்ஸ்விக் 1949 இல் இதைப் பற்றி எழுதினார். வியன்னாவில் இருந்து நாசிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன யூதப் பெண். அவருக்கு மொழி வகுப்பில் அக்கறையில்லை. மனிதரிடம் இனவெறுப்பு எப்படி ஊறுகிறது எண்டு தேடிக்கொண்டிருந்தார். எதையும் கறுப்பு அல்லது வெள்ளை எண்டு உடனே முடிவுகட்டத் துடிக்கிற மனதுக்கும் அந்த வெறுப்புக்கும் தொடர்பு இருக்கெண்டு கண்டார். மொழி கற்பிப்பவர்கள் பிறகுதான் இதைக் கையிலெடுத்தார்கள். 1978 இல் கனடாவில் வந்த ஓர் ஆய்வு, பிரெஞ்சு படிக்கிற மாணவர்களில் தெளிவின்மையைத் தாங்கக்கூடியவர்கள் கேட்டு விளங்குவதில் முன்னுக்கு நிற்பதைக் காட்டியது. கிறிஸ்டோபர் ஈலி என்பவர் இரண்டாம் மொழி படிப்பவர்களுக்கெண்டே 12 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார். வாசிக்கும்போது முழுசாக விளங்காட்டால் எரிச்சல் வருதா என்பதும் அதில் ஒன்று. எங்கட வட்டத்தில் அதற்கு என்ன பதில் வரும் எண்டு சொல்லத் தேவையில்லை.

இதை எழுதிக் காட்டினபோது எங்களுக்குள்ளேயே ஒருவன் எதிர்த்தான். "சொல்லே தெரியாதவனுக்குத் தாங்கு, பொறு எண்டு சொல்லி என்ன பயன்?" நியாயமான கேள்வி. போல் நேஷன் என்ற ஆய்வாளரின் கணக்குப்படி உதவியில்லாமல் ஒரு நாவலை வாசிக்க அதில் வருகிற சொற்களில் 98 வீதம் தெரிந்திருப்பது நல்லது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். பத்துக்கு ஒன்று தெரியாவிட்டால் அது வாசிப்பில்லை, தண்டனை. அப்படியெண்டால் வேறு புத்தகம் எடுப்பதுதான் சரி. நாங்கள் அந்த நாவலை முதலாவதாகத் தேர்ந்தது பிழை எண்டும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பென்சில் பிடித்தவளின் பக்கங்களை எண்ணிப் பார்த்தோம். அவள் கருத்து எழுதின சொற்களில் பாதிக்கு மேல் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை! நிச்சயப்படுத்தத்தான் எழுதியிருக்கிறாள்.

இன்னொரு பக்கமும் இருக்கு. வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' 2024 இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. 80களின் யாழ்ப்பாணம்தான் களம். அதிலுள்ள ஊர்ப்பெயர்களும் இயக்கங்களும் உறவுமுறைகளும் லண்டனில் இருக்கிற வாசகர் ஒருவருக்குப் பழக்கமில்லாதவை. அவரும் தெரியாத சொல்லோடுதான் பக்கம் புரட்டுகிறார். ஆனால் "எனக்கு ஆங்கிலம் காணாது" எண்டு அவர் புத்தகத்தை மூடுவதில்லை. தெரியாததைப் பற்றி அவருக்கு இருக்கிற அந்த நிம்மதி எங்களுக்கு ஏன் இருக்கக்கூடாது? அதுவும் எங்கட கதையை வாசிக்கேக்க?

இவ்வளவும் சொன்ன பிறகு, மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றையும் சொல்லவேணும். எங்களுக்கு இரண்டாம் மொழி எண்டால் ஆங்கிலம் மட்டுமில்லை. சிங்களமும்தான். விளங்காத எழுத்துக்குப் பயப்படுவது எங்கட ஆட்களுக்கு அனுபவம் தந்த பாடம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1993 இல் கைதான தமிழர் ஒருவர், தான் வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைக்க நேர்ந்தது. அந்த வாக்குமூலத்தை வைத்தே 50 வருடச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் 35 ஆனது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 இல் சொன்னது. இப்படியான கதைகள் நடந்த வீடுகளில் வளர்ந்த ஒருத்தரிடம் போய், "விளங்காட்டா என்ன, அப்படியே விட்டிட்டுப் போங்கோ" எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது.

அரச கரும மொழிகளில் தமிழும் ஒன்று. 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு அப்படி ஆனது. எண்டாலும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்த வீடுகள் எங்களில் பலருக்கு உண்டு. அப்படியான இடத்தில் மங்கலைத் தாங்கத் தேவையில்லை. தமிழில் தாங்கோ எண்டு கேட்கவேணும். தரும்வரை கையெழுத்துப் போடக்கூடாது. மருந்துப் போத்தலின் லேபிளும் வங்கிப் பத்திரமும் இதே வகைதான். நாவலில் ஒரு சொல்லைப் பிழையாக ஊகித்தால் நட்டம் ஒண்டுமில்லை, இருபது பக்கம் போனதும் கதையே திருத்தும். பத்திரம் திருத்தாது. எங்களுக்கு நடந்தது, பத்திரத்துக்கு வைக்கவேண்டிய பயத்தைக் கொண்டுபோய் நாவலுக்கும் வைத்ததுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

இப்ப வட்டத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் வாசிப்பில் அகராதி இல்லை. விளங்காத சொல்லுக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும். அத்தியாயம் முடிந்த பிறகு திரும்பி வந்து, இன்னும் இடைஞ்சல் தருகிற புள்ளிகளுக்கு மட்டும் கருத்துத் தேடலாம். தேட முதல் ஆளுக்கொரு ஊகம் சொல்லவேணும், சிரிக்கக்கூடாது. கடைசி விதியைத்தான் காப்பாற்றக் கஷ்டமாக இருக்கு.

பென்சில்காரி இப்ப 'பிரதர்லெஸ் நைட்'டில் 140 ஆம் பக்கம். ஓரத்தில் நிறையப் புள்ளி. போன கிழமை ஒரு புள்ளியைக் காட்டி "இது என்ன?" எண்டு கேட்டோம். "தெரியாது, ஆனா அந்த இடத்தில அழுதனான்" எண்டாள்.