பராக்குப் பார்க்கும் பிள்ளையும் மறந்துபோன தலைக்காயமும்

படுவான்கரையில் படிப்பித்த காலத்தில் நான் அடிக்கடி கேட்ட சொல் ‘பராக்கு’. கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதிவிட்டு நிறுத்தும் பிள்ளை, சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றை மட்டும் செய்யும் பிள்ளை எல்லாருக்கும் அந்தப் பட்டம்தான். போருக்குப் பின்னர் இன்னொரு விளக்கமும் சேர்ந்துகொண்டது: யுத்தத்தால் மனம் பாதிக்கப்பட்ட பிள்ளை.

அதில் உண்மை உண்டு. வன்னியில் 420 மாணவர்களை ஆராய்ந்து தோமஸ் எல்பேர்ட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 92 வீதமானோர் கடும் அதிர்ச்சிச் சம்பவங்களுக்கு முகங்கொடுத்திருந்தனர். நால்வரில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு இருந்தது. ஆனால் மனவடுவையே பேசிப் பழகியதில், மண்டையில் பட்ட அடியை நாம் தவறவிட்டோம் என்பது என் எண்ணம்.

ஒன்றில் கவனத்தை நிறுத்துவதற்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி முக்கியமானது. அது இருபது வயது தாண்டியும் வளர்கிறது. மூன்று வயதில் அங்கே பட்ட காயம் அன்றைக்கே தெரியவராது. மூன்று வயதுப் பிள்ளையை நாற்பது நிமிடம் இருந்து கணக்குச் செய் என்று யாரும் கேட்பதில்லையே! தரம் 4, 5இல் புலமைப்பரிசில் நெருக்கும்போதுதான் குறை வெளியே வரும். அதற்குள் விழுந்த கதை வீட்டில் மறந்துவிடும். “அது எப்பயோ விழுந்தது, மாறிட்டு சேர்.”

அமெரிக்காவின் சின்சினாட்டியில் மேகன் நராட் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. 3 முதல் 7 வயதுக்குள் தலையில் காயப்பட்டவர்களையும் எலும்பு முறிந்தவர்களையும் அவர்கள் சுமார் ஏழு வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். கடுமையான தலைக்காயம் பட்டவர்களுக்குக் கவனக்குறைபாடு வரும் வாய்ப்பு, எலும்பு முறிந்தவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. சிலரில் அது பல வருடங்கள் கழித்தே வெளிப்பட்டது.

2006 நவம்பர் 8இல் கதிரவெளியில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்தன. அன்று ஐந்து வயதுப் பிள்ளை புலமைப்பரிசில் எழுதும் வயதுக்கு வந்தது 2010, 2011 அளவில். அந்த மாதங்களில் வாகரையில் இரத்தம் வந்த காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். பங்கருக்குள் விழுந்து, மயங்கி, இரண்டு தரம் சத்தியெடுத்த பிள்ளையை யார் எழுதி வைத்தது? இருந்த துண்டுகளும் இடப்பெயர்வில் போயின. அந்தப் பிள்ளைகள் இன்று தாமே தாய் தகப்பன்.

இப்போது எறிகணை இல்லை. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் ஹெல்மெட் இல்லாமல் குந்தியிருக்கும் பிள்ளைகளை வாவிக்கரை வீதிகளில் தினமும் காண்கிறேன். விழுந்தெழும்பிய பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லை என்று, அதே தலையில் குட்டும் விழுகிறது.

பராக்குப் பார்க்கும் எல்லாப் பிள்ளைக்கும் தலைக்காயம் காரணமல்ல. கண்ணையும் காதையும் முதலில் பரிசோதியுங்கள். ஆனால் சிறுவயதில் தலையில் அடிபட்டிருந்தால், எந்த வயதில், மயங்கியதா, சத்தியெடுத்ததா என்பதைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் சொன்னால், முன்வரிசையில் இருத்தி, ஒரு தடவைக்கு ஒரு வேலையாகக் கொடுக்கலாம். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.