பெயர் நீக்கப்பட்ட பட்டறை

மாண்புமிகு ஒன்றிய நிதி மற்றும் கம்பெனி விவகாரத் துறை அமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

தேன்கனிக்கோட்டையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். மதுரையில் பிறந்த உங்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஒருவர் ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். இரண்டு சிஎன்சி, மூன்று லேத், ஒன்பது ஆட்கள். ப்ரைவேட் லிமிடெட்டாக இருந்தால் ஆர்டர் சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டார். மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டினார். பேலன்ஸ் ஷீட்டையும் ஆண்டு ரிட்டர்னையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதை மட்டும் விட்டுவிட்டார். தப்பு அவருடையதுதான், அப்போது கணக்குப் பார்த்தவருடையதும். நோட்டீஸ், அவர் எப்போதோ காலி செய்துவிட்ட வாடகை ஷெட்டுக்குப் போனது. செக் திரும்பி வந்த அன்றுதான் கம்பெனியின் பெயர் பதிவேட்டிலேயே இல்லை என்று தெரிந்தது. அந்த மாதச் சம்பளத்தை மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தார்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 248-ஆவது பிரிவு, இரண்டு நிதியாண்டுகளாகத் தொழில் நடத்தாத கம்பெனியை நீக்கலாம் என்கிறது. நடைமுறையில், தாக்கல் செய்யாதவர் தொழிலும் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. அதே இரண்டாண்டும் அவரிடம் ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டிருந்தது யார்? உங்கள் பொறுப்பிலேயே இருக்கும் இன்னொரு துறை. ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒரு மேசையில் ரசீது இருக்க, பக்கத்து மேசையில் சாவுச் சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

போலிக் கம்பெனிகளைக் களைவதில் எனக்குச் சண்டையில்லை. 2017-இல் அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை நீக்கியது. அவற்றில் லெட்டர்பேடு மட்டுமே இருந்தவை இருக்கத்தான் செய்தன. ஆனால் எங்கள் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் களை பறிக்கிறவர் தவறிப் பயிரைப் பிடுங்கிவிட்டால், அந்த இடத்திலேயே திரும்ப ஊன்றிவிடுவார். உங்கள் சட்டத்தில் பிடுங்குவது பதிவாளர். திரும்ப ஊன்ற 252-ஆவது பிரிவின்படி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். திவால் வழக்குகளைப் பார்க்கும் அதே தீர்ப்பாயம். எங்களுக்குப் பெங்களூரு கூப்பிடு தூரம். எங்கள் தீர்ப்பாயமோ முந்நூறு கிலோமீட்டர் தாண்டிச் சென்னையில். வீடியோவில் விசாரணை உண்டே என்பீர்கள். வக்கீல் ஃபீஸ் வீடியோவில் குறைவதில்லை, அம்மா.

தீர்ப்பு வந்த பிறகும் விடுபட்ட படிவம் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டு படிவம் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி இந்த மடல் எழுதவில்லை. அவர் கட்டத் தயார். கட்டுவதற்கு ஒரு கவுண்டர் வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் அந்தக் கவுண்டர் இருக்கிறது. அவர்களுடைய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1024-ஆவது பிரிவின்படி, பெயர் நீக்கப்பட்டபோது தொழில் நடந்துகொண்டிருந்தால், ஆறு ஆண்டுக்குள் பதிவாளரிடமே மனுக் கொடுக்கலாம். பாக்கித் தாக்கல், அபராதம் எல்லாம் முடித்தால் பெயர் திரும்பும். கோர்ட் படி ஏற வேண்டாம். இங்கேயும் உங்கள் அமைச்சகம் அமைத்த கம்பெனிச் சட்டக் குழு, மீட்டெடுக்கும் வேலையில் ஒரு பகுதியை மண்டல இயக்குநர்களிடம் விடலாம் என்று 2022-லேயே சொல்லியிருக்கிறது. அதைச் செய்யுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னும் மின்கட்டண ரசீதும் இருந்தால் தொழில் நடந்ததற்குச் சாட்சி போதும். தகராறு உள்ள கம்பெனிகள் மட்டும் தீர்ப்பாயத்துக்குப் போகட்டும். இன்னொன்று: பெயரை நீக்கும் முன், ஜிஎஸ்டி தளத்தில் அந்தக் கம்பெனி கணக்குக் காட்டுகிறதா என்று பதிவாளர் ஒருமுறை பார்க்கட்டும்.

அவருடைய மனு அடுத்த தேதிக்குக் காத்திருக்கிறது. இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நான் அவருக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். போன மாதமும் போட்டேன், இல்லாத கம்பெனியின் பெயரில். போர்ட்டல் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

இப்படிக்கு,
தேன்கனிக்கோட்டைக் கணக்கர் ஒருவர்