மறைப்பது மானமாகுமா?

“தமிழனைத் திரையில் காட்டுவதாயின் உயர்ந்தவனாகக் காட்டவேண்டும். சிறை சென்றவனையும் குடித்துக் கெட்டவனையும் காட்டினால் நம் இனத்தின் மானம் என்னாவது?” என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். சங்கக் கூட்டங்களிலும், சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைகளிலும், தோட்டத்து வீட்டுத் திண்ணைகளிலும் இக்கேள்வி எழுகின்றது. கேட்பவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் கேள்வி பிழையானது. அப்பிழையினால் நம் கலைஞர் ஒருவரை உலகம் அறிந்திருக்க, நாம் அறியாதிருக்கிறோம்.

அவர் சிங்கப்பூர்த் தமிழரான டைரக்டர் கே. ராஜகோபால். 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாகச் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் தம் குறும்படங்களுக்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றவர். அத்தகையவர் தமது முதல் முழுநீளப் படத்தை வெளியிட்ட ஆண்டு எது? 2016. இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! பரிசு பெற்ற ஒருவர் இருபது ஆண்டு காத்திருந்தார் எனில், அதற்குக் காரணம் பணமுடை ஒன்றுதானா? அவர் சொல்லும் கதைக்குத் தமிழ்மக்கள் திரளாக வருவார்கள் என்ற நம்பிக்கையை நாம் எவருக்கேனும் அளித்திருக்கிறோமா?

‘எ யெல்லோ பேர்ட்’ என்னும் அப்படம், சிங்கப்பூர் நிறுவனமும் பிரெஞ்சு நிறுவனமும் கூடித் தயாரித்தது. சிவகுமார் பாலகிருஷ்ணன் கதாநாயகன். சீமா பிஸ்வாஸ் அவன் தாய். சிறையினின்று மீண்ட ஒரு தமிழன், தன்னை மன்னியாத தாயின் வீட்டில் இடமின்றி, பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி இந்நகரத்தில் அலைகின்றான். பிழைப்புக்காகச் சீனத்திலிருந்து வந்து அல்லற்படும் ஒரு பெண்ணே அவனுக்குத் துணை. 2016-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் ‘விமர்சகர் வாரம்’ இப்படத்தைத் தெரிந்தெடுத்தது. அப்பிரிவு, ஒரு டைரக்டரின் முதலிரண்டு படங்களை மட்டுமே ஏற்பது. தமிழ் பேசும் ஒரு சிங்கப்பூர்க் கதை பிரான்ஸ் தேசத்தில் திரையேறியபோது, அதைக் காண நம்முள் எத்தனை பேர் கொட்டகைக்குச் சென்றோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

நிற்க. இந்நகரத்தின் படக்கலைக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. பாலஸ்டியர் சாலையை அடுத்த ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ 1967 வரை நடைபெற்றது. இந்தியாவிலிருந்து வந்த டைரக்டர்கள் பலர் அங்கே மலாய்ப் படங்களை உருவாக்கினர். நம்மவரான எல். கிருஷ்ணன் 1950-இல் எடுத்த ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்திலேதான் பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகராகத் தோன்றினார். பிறர் மொழிக்கு ஒரு மாபெரும் நட்சத்திரத்தை ஏற்றிவைத்த கை தமிழன் கை. நம் மொழிக்கு விளக்கேற்ற முயலும் கைக்கு மட்டும் நாம் எண்ணெய் வார்ப்பதில்லை.

அதே ராம்லி 1955-இல் தாமே டைரக்டராகி எடுத்த முதற்படம் யாது? ‘பெனாரெக் பெச்சா’. அதன் நாயகன் அரசகுமாரன் அல்லன். மூன்று சக்கர வண்டி மிதித்துப் பிழைக்கும் ஏழை. “எம்மை வண்டிக்காரனாகக் காட்டிவிட்டான்” என்று மலாய் மக்கள் அப்படத்தைத் தள்ளினார்களா? இன்றளவும் கொண்டாடுகிறார்கள். ஏழையைத் திரையில் கண்டதனால் அவர்கள் மானம் குறையவில்லை. தம் வாழ்வைத் தாமே நோக்கும் துணிவு அவர்களுக்கு வளர்ந்தது.

நம் கதைக்கும் அத்தகுதி உண்டு என்பதற்குச் சான்று வேண்டுவோர் கேட்பாராக. 2008-இல் சீனரான எரிக் கூ எடுத்த ‘மை மேஜிக்’ என்னும் படத்தின் பேச்சு மொழி பெரும்பாலும் தமிழ். குடியால் கெட்ட தகப்பன் ஒருவன் தன் மகனுக்காக மீண்டும் செப்படிவித்தைக்குத் திரும்பும் கதை. கான் விழாவின் தலைமைப் போட்டியில் இடம்பெற்ற முதற் சிங்கப்பூர்ப் படம் அதுவே. நம் தகப்பன்மாரின் துயரைப் பிறர் கண்டு படமெடுக்கின்றனர். நாமோ அத்துயரே இல்லை என்று முகந்திருப்புகின்றோம்! தோட்டத்துத் தோழர்களுக்கு ‘ஜகாட்’ நினைவிருக்கலாம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய நம் குடும்பங்களில் ஒரு சிறுவன் எவ்வாறு கெடுகின்றான் என்பதைச் சஞ்சய் குமார் பெருமாள் அதில் காட்டினார். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசைப் பெற்றது.

“பாட்டில்லை, சண்டையில்லை, நடை மந்தம்” என்பார் உளர். ராஜகோபாலின் படம் மெல்ல நடப்பது மெய். இருள் மிகுந்தது என்பதும் மெய். பார்த்தபின் அவ்வாறு சொல்வோரிடம் எனக்கு வழக்கில்லை. கலையைக் குறைகூறுவது காண்போர் உரிமை. பாராமலே “மானம் போயிற்று” என்பாரோடுதான் வழக்கு.

அவர்களை ஒன்று கேட்கிறேன். தமிழகத்துப் பெருநடிகரின் படம் வெளியாகும் நாளில் அதிகாலையிலேயே வரிசையில் நிற்கிறோம். அப்படங்களில் ஒருவன் ஐம்பது பேரை வெட்டிச் சாய்த்தால் கைதட்டுகிறோம். நாயகன் குடித்துக் கூத்தாடினால் சீழ்க்கையடிக்கிறோம். அப்பொழுது போகாத மானம், சிறைமீண்ட ஒருவன் தன் மகளைத் தேடி அழும்பொழுது மட்டும் எவ்வாறு போகும்? கேட்டினை அலங்கரித்துக் காட்டினால் இனிக்கிறது. அதன் வலியைக் காட்டினால் கசக்கிறது. இதற்கு மானம் என்று பெயரிடுவது தகாது. அச்சம் என்பதே பொருந்தும்.

சீர்திருத்தம் பேசும் நாம் அறிவோம்: சாதிக் கொடுமையும் குடிக் கொடுமையும் மூடி வைத்ததனால் ஒழிந்ததில்லை, வெளிப்படையாகப் பேசியதனால்தான் சிறிதேனும் தளர்ந்தன. படமும் அத்தகைய பேச்சே. சிறையினின்று வருபவன் நம் வீட்டுப் பிள்ளை. அவனைத் திரையில் காணக் கூசுபவர், தெருவில் கண்டால் கை கொடுப்பாரா?

ஆதலின், சங்கத்தாரே, படிப்பகத்தாரே, ஆலய மண்டபங்களை நிருவகிப்போரே! பொங்கல் விழாவிற்கும் புத்தாண்டிற்கும் நடிகர்களை வரவழைக்கச் செலவிடும் பொருளில் சிறு பங்கை ஒதுக்குங்கள். உரிமை உடையோரிடம் இசைவு பெற்று, இவ்வூர்த் தமிழரின் படம் ஒன்றை ஆண்டுதோறும் திரையிடுங்கள். முடிந்தபின் விளக்கை ஏற்றி, இளைஞரைப் பேசவிடுங்கள். குறை சொல்லட்டும், சினந்து வாதிடட்டும். அடுத்து வரும் நம் கலைஞர் இன்னும் இருபது ஆண்டு காத்திராதிருக்க, அந்த ஒரு மாலைப்பொழுது போதிய தொடக்கமாகும்.