கோல் காப்பாளரைக் கூப்பிடுங்கள்

கண்டியில் விளையாட்டு என்றாலே முதலில் றக்பி, அடுத்தது கிரிக்கெட். நித்தவலைக்கும் அஸ்கிரியவுக்கும் கிடைத்த கவனிப்பு போகம்பறை மைதானத்து உதைபந்தாட்டத்துக்குக் கிடைக்கவில்லை. அங்கும் பயிற்றுநர் தேவை என்றால் கோல் அடித்தவர்தான் நினைவுக்கு வருகிறார். கோல் காத்தவர் வருவதில்லை.

பெல்ஜியத்தின் ரேமொன் கூதால்ஸ் ஒரு கோல் காப்பாளர். பயிற்றுநரானதும் தேசிய அணியை 1972 ஐரோப்பியப் போட்டியில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அன்டர்லெக்ட் கழகத்துக்கு 1978இல் ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை வென்று கொடுத்தார். பிரான்ஸ், பிரேசில், போர்த்துகல் என்று நாடு நாடாகப் போய்ப் பயிற்சி கொடுத்தவர். நடுவில் லஞ்ச விவகாரம் ஒன்றில் சிக்கி, ஸ்டாண்டர்ட் லீஜ் கழகப் பதவியை இழந்தார். அந்தக் கறையை மறைப்பதற்கில்லை. ஆனாலும் 1993 மே 26 அன்று, மியூனிக்கில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அவருடைய மார்செய் அணி மிலானை 1-0 என வீழ்த்தியது. அப்போது அவருக்கு வயது 71.

கோல் காப்பாளர் ஒருவர் நல்ல பயிற்றுநரானதில் வியப்பில்லை. கோர்னர் உதைக்கு முன், யார் யாரை மறிப்பது, எந்தக் கம்பத்தோடு யார் நிற்பது என்று கத்திக் கத்தி ஆட்களை நிறுத்துபவர் கோல் காப்பாளர்தான். தொண்ணூறு நிமிடமும் முழு மைதானமும் அவர் கண்முன்னே விரிந்திருக்கிறது.

கண்டிப் பாடசாலைகளும் கழகங்களும் ஓய்வுபெற்ற தங்கள் கோல் காப்பாளர்களை ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ‘சி’ தரப் பயிற்றுநர் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். கையுறை மாட்டும் பையன்களைப் பழக்குவதோடு அவர்களை நிறுத்திவிடாமல், முழு அணியையும் ஒப்படையுங்கள்.