பாட்டியின் டிவியை அடைப்பதற்கு முன்னால்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. முடிஞ்சா வீட்டுக் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு படிங்க.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து, அன்னதானமும் பரிமாறிவிட்டு, மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு பாட்டி மட்டும் மண்டபத்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அன்றைய அபிஷேகக் காட்சிதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டி, வீட்டுக்குப் போகலையா? மகன் வரலையா?" என்று கேட்டோம்.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே பார்த்துட்டுப் போறேன்யா. வீட்டுல டிவி போட்டா பில்லு ஏறுதாம்" என்றார்.

எழுபதைத் தாண்டியவர். தாத்தா காலமாகிச் சில வருடம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வெளியே போனால் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வீட்டில் இவர் ஒருவர்தான். அந்த நேரத்துக்கெல்லாம் துணை டிவிதான். பில் ஏறியதும் வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. "நாள் முழுக்க டிவி ஓடினா எப்படி?" என்று மகன் கேட்டிருக்கிறார். அதிலிருந்து ஒரு மாதமாகப் பாட்டி டிவியைத் தொடவே இல்லையாம். சும்மா சன்னல் ஓரமா உட்கார்ந்திருப்பாராம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மகனைக் குறை சொல்ல எழுதும் பதிவு இல்லை இது. அவரும் நம்ம கோயிலுக்கு வருகிறவர்தான், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் நிற்கிறவர்தான். இரண்டு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட வேண்டிய வீடு. பில்லைப் பார்த்துப் பயப்படுவது தப்பே இல்லை. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

தொண்டர்களில் ஒருவருக்கு வயரிங் வேலை. பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறார். எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அது காட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் அந்த வீட்டில் ஒவ்வொன்றாக அளந்தோம். ஏர்கோனும் ஹீட்டரும் நேரடியாகச் சுவரில் இணைத்தவை, அந்த மீட்டரில் மாட்ட முடியாது. ஹீட்டருக்கு அதன் மேல் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். ஏர்கோனுக்கு மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வாசல் மீட்டரைப் பார்த்தோம்.

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு கீழே உள்ள மாதக் கணக்கைப் பாருங்க.

பாட்டியின் டிவி: 32 இன்ச் எல்இடி. ஓடும்போது 40 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட்.

டிவிக்குக் கீழே இருக்கும் டிகோடர் பெட்டி: ஓடும்போது 14 வாட். ரிமோட்டில் அடைத்த பிறகும் 13 வாட்! இரவு பகல் எந்நேரமும் இழுக்கிறது. மாதம் கிட்டத்தட்ட 10 யூனிட்.

வெந்நீரைச் சூடாகவே வைத்திருக்கும் தெர்மோ பாட்: மாதம் 30 யூனிட்.

ஃப்ரிட்ஜ்: பழசு, கதவு ரப்பர் தளர்ந்து போயிருக்கிறது. மாதம் 75 யூனிட்.

குளியலறை ஹீட்டர்: 3.6 கிலோவாட். ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். மாதம் 90 யூனிட்.

இரண்டு அறையில் இரண்டு ஏர்கோன்: மாதம் ஏறக்குறைய 290 யூனிட்.

மிச்சம் காத்தாடி, விளக்கு, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்தது. மொத்தம் 630.

பாட்டி எங்கே தூங்குகிறார் என்று கேட்டோம். முன்னறையில். காத்தாடி மட்டும்தான். இதைச் சொன்னபோது மகன் ஒன்றும் பேசவில்லை. மருமகள்தான், "நாங்க இப்படி யோசிச்சே பார்க்கல அண்ணே" என்றார்.

பாட்டி டிவியை நிறுத்திய மாதத்தில் பில் 630 யூனிட்டிலிருந்து 618க்கு இறங்கியிருந்தது. காசுக் கணக்கில் நாலரை ரிங்கிட் கூட இல்லை. ஒரு மாதத் தனிமைக்கு விலை, ஒரு தே தாரேக்கும் ரெண்டு ரொட்டி சானாயும். அப்போதும் டிகோடர் பெட்டி மட்டும் அடையாமல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பார்க்க ஆள் இல்லாத பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தோம், பார்க்க ஆசைப்பட்ட பாட்டிக்கு இல்லை என்றோம்.

கடுகு போன இடத்தை ஆராய்வோம், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று நம்ம பெரியவங்க சொல்வாங்களே, அதேதான்.

ஏன் எல்லாருக்கும் டிவி மேலேயே கண் போகிறது? எங்களுக்குத் தோன்றுவது இது. டிவி கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். ஹீட்டரும் ஃப்ரிட்ஜும் சத்தமில்லாமல் தின்னும். இன்னொன்று, பழைய ஞாபகம். முன்பு இருந்த பெட்டி டிவி, 29 இன்ச் என்றால் நூறு வாட்டைத் தாண்டும். பிளாஸ்மா டிவி இன்னும் மோசம், பெரியது என்றால் இருநூறு முந்நூறு வாட் இழுக்கும். அந்தக் காலத்தில் "டிவியை அடை" என்று திட்டியதில் நியாயம் இருந்தது. இப்போது சின்ன எல்இடி டிவி ஒன்று, காத்தாடி இழுக்கும் அளவைக் கூடத் தாண்டுவதில்லை. டிவி மாறிவிட்டது, நம்ம திட்டு மட்டும் மாறவில்லை.

இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. செலவைக் குறைக்கணும் என்று வரும்போது, வீட்டில் யாருக்குக் குரல் குறைவோ அவர் தலையில்தான் முதலில் விழுகிறது. மகனிடம் "ஏர்கோனைக் குறை" என்று பாட்டி சொல்ல முடியுமா? பாட்டியிடம் "டிவியை அடை" என்று யாரும் சொல்லலாம். கோயிலுக்கு விளக்கு உபயம், அலங்கார உபயம் என்று மனசாரக் கொடுக்கிற நாம், வீட்டில் ஒரு 40 வாட் டிவிக்குக் கணக்குப் பார்க்கிறோம். இதுதான் எங்களுக்கு உறுத்தியது.

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். அதே மீட்டரைக் கோயிலிலும் மாட்டிப் பார்த்தோம். மண்டபத்தில் நான்கு பெரிய டிவி, ஒவ்வொன்றும் 110 வாட். காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பத்துக்குத்தான் அடைப்போம். மத்தியானம் நடை சாத்திய பிறகு ஆளே இல்லாத மண்டபத்தில் நாலு திரையும் ஓடும். மாதம் 210 யூனிட்! ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையரை இரவில் யாரும் அடைப்பதே இல்லை. பாட்டியின் டிவியைப் போல எத்தனை டிவிக்கான கரண்டை நாங்கள் வீணாக்கியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருந்தது.

இப்போது பூசை நேரத்துக்கு மட்டும் நாலு திரை. மற்ற நேரம் தூண் பக்கம் இருக்கும் ஒன்று மட்டும், அதுவும் ஆள் இருந்தால்தான். ஆம்ப்ளிஃபையருக்கு நடை சாத்தும் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டோம். "டிவி ஏன் ஓடல?" என்று கேட்ட அன்பர்களுக்கு இதுதான் பதில். மன்னிக்கணும்.

சரி, பில்லுக்கு வருவோம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் வீட்டுக் கட்டணக் கணக்கு மாறிவிட்டது. பலருக்கு இது இன்னும் பிடிபடவில்லை. 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு மொத்தம் 44.43 சென். அதிலிருந்து, 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சிக்கன ஊக்கத்தொகை கழியும். எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு அதிகம் கழியும். 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். 551 முதல் 600 வரை 9 சென். 601 முதல் 650 வரை 7.5 சென். இது கூடுதலாகப் போன யூனிட்டுக்கு மட்டும் இல்லை, மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்கு.

600ஐத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் வரும். தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. மாதாமாதம் ஏறி இறங்கும் எரிபொருள் சரிக்கட்டலும் 600க்கு மேல் உள்ளவர்களுக்குத்தான். அந்த வரியையும் சரிக்கட்டலையும் தனியே வைத்துவிட்டே பாருங்க: 600 யூனிட்டுக்கு 212 ரிங்கிட் 58 சென். 601 யூனிட்டுக்கு 231 ரிங்கிட் 95 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 ரிங்கிட் வித்தியாசம்!

அதனால் உங்கள் வீடு 600க்குப் பக்கத்தில் இருந்தால், அந்தக் கோட்டுக்குள் வருவதுதான் பெரிய வேலை.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள்? பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. தெர்மோ பாட்டை எடுத்து வைத்துவிட்டு, கெட்டிலில் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றுகிறார்கள். டிகோடரைப் பாட்டி டிவி பார்த்து முடித்ததும் சுவர் சுவிட்சிலேயே அடைக்கிறார்கள். 18 டிகிரியில் ஓடிய ஏர்கோன் இப்போது 25, கூடவே காத்தாடி. விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாக நிற்க டைமர். ஃபில்டரைக் கழுவினார்கள், உள்ளே அவ்வளவு தூசி. பாட்டியின் டிவி பழையபடி ஓடுகிறது.

அடுத்த பில்: 566 யூனிட். அதே கணக்கில் பார்த்தால் 242 ரிங்கிட்டிலிருந்து 200 ரிங்கிட்டுக்கு இறங்கியிருக்கிறது. ஃப்ரிட்ஜ் ரப்பரை இன்னும் மாற்றவில்லை, அது அடுத்த சம்பளத்துக்கு.

சிலர் கேட்பீர்கள்: "சிறு துளி பெரு வெள்ளம் இல்லையா? டிவியையும் குறைச்சா இன்னும் மிச்சம்தானே?" உண்மைதான். ஆள் இல்லாத அறையில் டிவி ஓடினால் அடைக்கத்தான் வேண்டும். டிவியெல்லாம் அப்பாவி என்றும் நாங்கள் சொல்லவில்லை. 75 இன்ச் டிவியைக் கடையில் வைத்திருந்த அதே பளீர் வெளிச்சத்தில் ஓட்டினால் அது பாட்டியின் டிவியைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். வெளிச்சத்தைக் குறைத்தாலே கணிசமாக இறங்கும், கண்ணுக்கும் நல்லது. பிள்ளைகளின் கேம் பெட்டியை உடனே எழும்பும் நிலையில் வைத்தால் தூங்கும்போதும் பத்து வாட்டுக்கு மேல் போகலாம். புது டிவி வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்க, அதில் யூனிட் கணக்கே போட்டிருக்கும்.

ஆனால் வரிசை முக்கியம். கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சேமித்தோம் என்று திருப்திப்படாதீங்க, சும்மா தொங்கும் சார்ஜர் இழுப்பது ஒரு வாட் கூட இல்லை. முதலில் சூடாக்குவது, குளிராக்குவது. அடுத்தது அடைத்த பிறகும் தூங்காத பெட்டிகள். கடைசியில்தான் டிவி. அதிலும் கடைசியோ கடைசி, தனியாக இருக்கும் பெரியவர் பார்க்கும் டிவி.

அந்த மீட்டரை இனிமேல் கோயிலிலேயே வைக்கிறோம். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் கேளுங்க. ஒரு வாரத்துக்கு இரவல், காசு வேண்டாம். அளந்து எழுதி, அடுத்த வெள்ளி கொண்டு வாங்க. கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் நாங்கள் உட்கார்ந்து போட்டுத் தருகிறோம். புலனத்தில் இந்தப் பதிவைக் குடும்பக் குழுவில் பகிருங்க. முக்கியமாக, வீட்டில் அப்பா அம்மா தனியாக இருப்பவர்களுக்கு அனுப்புங்க.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பாட்டி அன்னதானம் முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார். "என்ன பாட்டி, அதுக்குள்ள?" என்றோம்.

"நாடகம் ஆரம்பிச்சிரும்யா" என்றார்.

எல்லார் வீட்டிலும் வெளிச்சம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர் குழு